பெரிய டயர் போட்ட பிறகு மைலேஜ் எங்கே போகிறது? (கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜிம்னி, தார், ஜிப்ஸி என்று ஜீப் மாதிரி வண்டிகள் வைத்திருப்பவர்கள் எழுதியவை. மிக்ஸி, வாஷிங் மெஷின் கேள்விகளை அடுத்த முறை பார்க்கலாம்.

கேள்வி: ஜிம்னியில் கம்பெனி டயரைக் (195/80 ஆர்15) கழற்றிவிட்டு 235/75 ஆர்15 மட் டயர் (சேற்றில் ஓட்டுவதற்கான டயர்) போட்டேன். லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி இப்போது 12தான் கொடுக்கிறது. டயர் கடையில் இன்ஜினைப் பார்க்கச் சொல்கிறார்கள், சர்வீஸ் சென்டரில் டயரைப் பார்க்கச் சொல்கிறார்கள். யாரை நம்புவது சார்? (கோவை)

பதில்: இன்ஜினில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம். பழைய டயரின் அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 156. மேலும் கீழுமாக 312. அதோடு 15 அங்குல ரிம்முக்கு 381 சேர்த்தால் மொத்த விட்டம் 693. புதிய டயருக்கு இதே கணக்கைப் போட்டால் 733 வரும். ஏறக்குறைய 6 சதவீதம் பெரிது. ஒரு சுற்றுக்கு டயர் அதிக தூரம் உருள்கிறது, ஆனால் மீட்டருக்கு அது தெரியாது, பழைய டயர் என்று நினைத்தே எண்ணுகிறது. மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது நீங்கள் உண்மையில் ஓடியது சுமார் 106. அப்படியானால் உங்கள் 12 என்பது 12.7. குறைந்தது இரண்டு அல்ல, 1.3தான்.

அந்த 1.3 உண்மையான இழப்பு. மட் டயர் கனமானது, அகலமானது, கட்டை கட்டையான பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) ரோட்டில் நசுங்கி நசுங்கி நிமிர்கிறது, எல்லாவற்றுக்கும் பெட்ரோல்தான் செலவு. காற்று குறைவாக இருந்தால் இன்னும் மோசம். டேங்க் நிரப்பி, போன் மேப்பில் தூரம் பார்த்து, அதே பங்க்கில் மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். அப்புறம் வேகமும் அப்படித்தான். முள் 80ல் நிற்கும்போது வண்டி 85ல் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் 1,800 ரூபாய். பெரிய டயரால் குறைந்த மைலேஜை மீட்டுவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? (திருச்சி)

பதில்: வாங்காதீர்கள்.

கேள்வி: பெரிய டயர் போட்டால் இன்ஜின் சுற்று குறையும், அதனால் மைலேஜ் ஏறத்தான் செய்யும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். உண்மையா அண்ணா? (சேலம்)

பதில்: எனக்கு மிகவும் கோபம் வரும் பேச்சு இது. பாதி உண்மை என்பதால்தான் கோபம். அதே வேகத்தில் இன்ஜின் சுற்று குறையும் என்பது சரி. சமமான நாலுவழிச் சாலையில், ஒரே சீரான வேகத்தில், இன்ஜினில் இழுவை மிச்சம் இருக்கும் வண்டியில் அது கொஞ்சம் உதவவும் கூடும். ஆனால் டயர் பெரிதாவது எல்லா கியரையும் ஒருசேர நீட்டிவிடுவதற்குச் சமம். இழுவை அதே அளவுக்குக் குறையும். மேட்டில் மூன்றாவது கியர் இழுக்காது, இரண்டுக்கு இறக்கியாக வேண்டும். இரண்டில் இன்ஜின் முன்பை விட வேகமாகச் சுற்றும். மிச்சமானது என்று சொன்ன சுற்று வட்டியோடு போய்விடும். போதாக்குறைக்கு, சக்கரத்தின் எடையை முன்னால் நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். டவுன் டிராஃபிக்கில் நின்று நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் கூடுதல் எடைக்குப் பெட்ரோல் கொடுக்கிறோம்.

இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பழைய ஜிப்ஸி ஒன்று வாங்கி, ஒரு கடையில் இதே வார்த்தையைக் கேட்டு, பத்து சதவீதம் பெரிய டயர் போட்டேன். அடுத்த வாரமே கொல்லிமலை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. முன்பு மூன்றில் ஏறிய இடமெல்லாம் இரண்டு, இரண்டில் ஏறிய வளைவெல்லாம் ஒன்று. கிளட்ச் வாசனையோடு மலைமேல் சோளக்காடு போய்ச் சேர்ந்தேன். நாலு மாதத்தில் அந்த டயரைப் பாதி விலைக்கும் கீழே கொடுத்தேன். கடைக்காரர்கள் ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு) உரசுமா உரசாதா என்று மட்டும் பார்க்கிறார்கள். இழுவை என்ன ஆகும், பிரேக்குக்கு எவ்வளவு சுமை கூடும், மீட்டர் எவ்வளவு பிசகும் என்பதையும் விற்கும் முன்பே சொல்வது அவர்கள் கடமை.

கேள்வி: பெரிய டயருக்கு ஏற்ப கியர் ரேஷியோ மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஒரு ஒர்க்‌ஷாப்பில் பின் ஹவுசிங்கில் மட்டும் கிரவுன், பினியன் (பின் சக்கரங்களுக்கு நடுவே இருந்து அவற்றைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி) மாற்றினார்கள். "முன்னாடி அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். இப்போது ஃபோர் வீல் (நாலு சக்கரத்துக்கும் இழுவை) போட்டால் வண்டி திணறுகிறது, சத்தம் வருகிறது. (கொடைக்கானல்)

பதில்: உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். மறுபடியும் ஃபோர் வீல் போடவே போடாதீர்கள். ரேஷியோ மாற்றச் சொன்னது சரியான யோசனைதான். டயர் 6 சதவீதம் பெரிதானால் 3.9 ரேஷியோவை (ஷாஃப்ட் 3.9 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்) 4.1க்குக் கொண்டுபோனால் இழந்த இழுவை திரும்பும். ஆனால் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோவாக மாற்ற வேண்டும். உங்கள் மாதிரி வண்டிகளில் ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. முன் சக்கரம் ஒரு வேகம், பின் சக்கரம் ஒரு வேகம் என்று இழுத்தால் டிரான்ஸ்ஃபர் கேஸோ (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) ஆக்சிலோ உடையும்.

இது தெரியாமல் ஒரு மெக்கானிக் இந்த வேலையில் இருக்க முடியாது. பில், வாட்ஸ்அப் பேச்சு, சத்தம் வரும் வீடியோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முன்பக்கத்தையும் மாற்றித் தர வேண்டும், அல்லது பழையபடி ஆக்கிப் பணத்தைத் தர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் 1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில் தரவில்லை என்றாலும் பயப்படாதீர்கள். பில் தர மறுப்பதே 2019 சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை.

கேள்வி: தாரில் 33 அங்குல டயர் போட்டேன். திருப்பினால் உரசியதால் பம்பரை வெட்டினார்கள். மைலேஜ் படுத்துவிட்டது. பில் வாங்கவில்லை. மண் ரோட்டுக்கு இதுவரை போனதில்லை, ஒரு போட்டோ பார்த்துப் பிடித்துப்போய்ப் போட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா? (சென்னை)

பதில்: கேட்டதைத்தானே கொடுத்திருக்கிறார்கள்? எதற்காகத் திருப்பித் தருவார்கள்? மண்ணே மிதிக்காத வண்டிக்கு இந்த டயர் எதற்கு? கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விழலாம். நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி இதைத்தான் முதலில் காட்டும். பழைய டயரை விற்காமல் வைத்திருந்தால் இன்றே மாட்டுங்கள்.

கேள்வி: மகனுக்காகப் புதிது என்று சொல்லி ஐந்து டயர் வாங்கினேன். வீட்டில் பார்த்தால் ஓரத்தில் 1419 என்று இருக்கிறது. இது என்னங்க? (நாகர்கோவில்)

பதில்: 2019ஆம் ஆண்டின் 14வது வாரத்தில் செய்த டயர் அம்மா அது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வருடக் கணக்கில் இறுகியிருக்கும். நீங்கள் பார்க்காதது தப்பில்லை, அந்த எண்ணை எங்கே பார்ப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இன்னும் மாட்டவில்லை என்றால் மாட்டாமல் கடைக்கு எடுத்துப் போய் மாற்றிக் கேளுங்கள். ஐந்திலும் அந்த எண்ணைப் போட்டோ எடுத்த பிறகு போங்கள்.

கேள்வி: பெரிய டயர் போட்ட பழைய ஜிப்ஸி விலைக்கு வருகிறது. மீட்டரில் 60,000 கிலோமீட்டர். நம்பலாமா? (மதுரை)

பதில்: அந்த டயர் எப்போது ஏறியது என்று கேளுங்கள். ஆரம்பத்திலேயே என்றால், 6 சதவீதம் பெரிய டயருக்கு உண்மையான ஓட்டம் 63,500ஐத் தாண்டியிருக்கும். கூடவே கிளட்சையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.