விடியற்காலைத் தலையிடி

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு 2 வருடத்துக்கு முன் கண்டியில் ஒப்பரேஷன் நடந்தது. மூன்று கிழமையாக எழும்பும்போதே தலையிடி, வாந்தி. தோட்ட டிஸ்பென்சரியில் காஸ்ட்ரிக் குளிசை தந்தார்கள். அடுத்த மாதக் கிளினிக் வரை பொறுக்கலாமா? முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தால் கால் விழுந்துவிடும் என்று லயத்தில் சொல்கிறார்களே?
– வாசகி, ஹட்டன்

பதில்: பொறுக்க வேண்டாம், நாளைக்கே கூட்டிப் போங்கள். புற்று மூளைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பரவியிருந்தால் படுத்திருக்கையில் மண்டைக்குள் அழுத்தம் கூடும். விடியலில் தலையிடியும் வாந்தியும் வருவது அதனால் இருக்கலாம். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போனாலும், மார்பகப் புற்றுநோய் இருந்ததை முதலில் சொல்லுங்கள். வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ 1990 என்ற எண்ணுக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முதுகு வலியோடு இரண்டு காலும் தளர்ந்து சிறுநீர் அடைத்தால் முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) நசுங்குகிறது என்று பொருள். ஒரு நாள் பிந்தினாலும் நடை திரும்பாமல் போகலாம்.

சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் அத்தோடு விடாதீர்கள். சிறு கட்டிகளும் மூளை உறையில் பரவியதும் அதில் தப்பிவிடும். படம் தெளிவாகத் தெரிய ஊசியில் மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும். கிளினிக் கொப்பியோடு பழைய பயொப்ஸி ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். அதிலுள்ள ஹோர்மோன், ஹெர்-2 (புற்றுச் செல்லில் இருக்கும் ஒரு புரதம்) முடிவுகளை வைத்தே மருந்து தீர்மானிப்பார்கள். ஹெர்-2 பொசிட்டிவ் வகையும், இரண்டு ஹோர்மோன் சோதனையும் ஹெர்-2வும் ஆக மூன்றும் நெகட்டிவ் ஆன வகையும்தான் மூளைக்கு அதிகம் போகின்றன.

முதுகு ஊசி எல்லோருக்கும் இல்லை, மூளை உறையில் பரவியதாகச் சந்தேகம் இருந்தால்தான், நீரில் புற்றுச் செல் இருக்கிறதா என்று பார்க்க. முண்ணாண் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே இறங்குவதால் கால் விழாது. சில நாள் தலையிடி இருக்கலாம். எம்.ஆர்.ஐ. முதலில், ஊசி பிறகு. அழுத்தம் கூடிய மூளையில் வரிசை மாறினால் ஆபத்து. நீரை 10 மில்லிலீற்றராவது எடுத்து உடனே லாபுக்கு அனுப்ப வேண்டும், தாமதித்தால் செல்கள் சிதைந்துவிடும். முதல் தடவை செல் தென்படாவிட்டால் இரண்டாம் தடவையும் கேட்பார்கள், பயப்படாதீர்கள்.

மூளையில் ஒரு கட்டி என்றால் அறுவை அல்லது குறிவைத்த கதிர்ச் சிகிச்சை. பல இடத்தில் என்றால் முழு மூளைக்கும் கதிர், வழக்கமாக 10 தடவையில் மொத்தம் 30 கிரே (கதிரின் அளவு). ஹெர்-2 பொசிட்டிவ் வகைக்கு டுகாடினிப் என்ற மருந்து மூளைவரை போய் வேலை செய்யும். விலை அதிகம், கிடைக்குமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

டெக்ஸாமெதசோன் குளிசை கொடுத்தால் ஓரிரு நாளில் தலையிடி இறங்கும். இறங்கியது மூளை வீக்கம்தான், கட்டி அப்படியே இருக்கும். சுகமாகிவிட்டது என்று கதிர்ச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். தூக்கம் கெடும் என்பதால் காலையில், சாப்பிட்ட பின் கொடுங்கள். உங்கள் காஸ்ட்ரிக் குளிசைக்கு இப்போதுதான் வேலை! சீனியும் கூடும், கிழமைக்கு ஒருமுறையாவது பாருங்கள். திடீரென நிறுத்தாமல் டொக்டர் சொல்லும் கணக்கில் குறைக்க வேண்டும்.