கேள்வி – பதில்: ஆய்வேட்டுக்கு முன் தரவை அறிந்துகொள்ளுங்கள்

கேள்வி: முதுகலை எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதார அளவியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக 1991 முதல் 2022 வரையிலான இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, அந்நிய நேரடி முதலீடு, ஏற்றுமதி ஆகியவற்றின் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு ரிக்ரஷன் (ஒரு மாறி மற்ற மாறிகளோடு சேர்ந்து எப்படி மாறுகிறது என்ற கணக்கீடு) செய்ததில், அது எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 1 வரை காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.97 வந்தது. சீனியர்கள், மாறிகளின் முந்தைய ஆண்டு மதிப்புகளையும் சேர்த்துக் கணக்கிடும் ஏ.ஆர்.டி.எல். முறையைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஆய்வு முறையியலைத் தனிப் பாடமாகவே படித்தும், எந்த முறையை எதற்காகத் தேர்ந்தெடுப்பது என்பது எனக்குப் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– மாணவி, சென்னை

பதில்: அந்த 0.97-ஐ நம்பி ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள். காலப்போக்கில் தொடர்ந்து ஏறும் எந்த இரண்டு தொடர்களை எடுத்தாலும் இப்படி ஓர் எண் வரும். 1926-லேயே யூல் என்ற புள்ளியியலாளர், 1866 முதல் 1911 வரை இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த திருமணங்களின் விகிதத்துக்கும் நாட்டின் இறப்பு விகிதத்துக்கும் இடையே 0.95 ஒட்டுறவு இருப்பதைக் காட்டி, அது பொருளற்றது என்று எச்சரித்தார். 1974-இல் கிரேஞ்சர், நியூபோல்டு என்ற இரு ஆய்வாளர்கள், ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லாத தொடர்களைக் கணினியில் உருவாக்கி ரிக்ரஷன் செய்தபோது, தொடர்பு தற்செயலானதா என்று பார்க்கும் வழக்கமான டி-சோதனை ஏறத்தாழ நான்கில் மூன்று முறை ‘தொடர்பு உண்டு’ என்றே சொன்னது. உங்கள் கணினி தந்த முடிவில் டர்பின்-வாட்சன் மதிப்பு (அடுத்தடுத்த ஆண்டுகளின் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவையா என்று காட்டும் எண்) எவ்வளவு என்று பாருங்கள். அது ஆர்-ஸ்கொயரைவிடக் குறைவாக இருந்தால் நீங்களும் அதே இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

ஏ.ஆர்.டி.எல். இந்தச் சிக்கலின் ஒரு பகுதியைக் கையாளும் என்பது உண்மை. ஆனால் முதலீடு வந்ததால் நாடு வளர்ந்ததா, நாடு வளர்ந்ததால் முதலீடு வந்ததா என்ற கேள்வியை அது தீர்த்துவைக்காது. 32 ஆண்டுப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தீர்ப்பது எந்த முறைக்கும் மிகக் கடினம். இன்னொன்றையும் கவனியுங்கள். 2011-12-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய மொத்த உள்நாட்டு உற்பத்தித் தொடர் 2015 ஜனவரியில் வெளியானபோது அடிப்படை ஆண்டோடு கணக்கிடும் முறையும் மாறியது. நிறுவனங்கள் அரசுக்குத் தாக்கல் செய்யும் கணக்குகள் பெருமளவில் பயன்பாட்டுக்கு வந்தன. உங்கள் தொடரில் பழைய எண்களும் புதிய எண்களும் எந்த ஆண்டில், எந்த விதத்தில் இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதை ஆய்வேட்டில் உங்களால் விளக்க முடியுமா?

முறையியல் வகுப்புகளில் போதிய இடம் கிடைக்காத பகுதி இதுதான் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். தரவு எப்படித் திரட்டப்பட்டது என்று அறியாதவருக்கு எந்த முறையும் துணைக்கு வராது. நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1993-94-இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 1999-2000-இல் 26.1 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்று அரசு அறிவித்தது. ஆனால் இரண்டாவது எண்ணைத் தந்த தேசிய மாதிரி ஆய்வின் 55-ஆம் சுற்றில் வினாப்பட்டியலே மாறியிருந்தது. உணவுச் செலவைக் கடந்த 30 நாட்களுக்கும் கடந்த 7 நாட்களுக்குமாக அடுத்தடுத்த கட்டங்களில் கேட்டார்கள். ஒரே வீட்டில், ஒரே அமர்வில் இரண்டையும் கேட்டால், பதில் சொல்பவரும் குறித்துக்கொள்பவரும் இரண்டு எண்களையும் பொருந்தச் செய்யவே முயல்வார்கள். ஏழு நாள் நினைவில் நுகர்வு கூடுதலாகப் பதிவாகும் என்பதால் முப்பது நாள் எண்ணும் அதனோடு மேலே சென்றது. நுகர்வு கூடியதாகத் தெரிந்தால் வறுமை குறைந்ததாகத்தானே தெரியும்?

இதைச் சீர்செய்யப் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் எடுத்துக்கொண்ட வழி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. எரிபொருள் உள்ளிட்ட சில இனங்களின் செலவு மட்டும் இரண்டு சுற்றுகளிலும் ஒரே விதமாக, 30 நாட்களுக்கு மட்டுமே கேட்கப்பட்டிருந்தது. அந்தச் செலவுக்கும் குடும்பத்தின் மொத்தச் செலவுக்கும் பழைய சுற்றில் இருந்த உறவைக் கொண்டு, புதிய சுற்றின் வறுமையை அவர் மீண்டும் மதிப்பிட்டார். வறுமை குறைந்தது உண்மை, ஆனால் அறிவிக்கப்பட்ட அளவுக்கு அல்ல என்ற முடிவு கிடைத்தது. வினாப்பட்டியலின் எந்தக் கட்டம் மாறியது, எந்தக் கட்டம் மாறவில்லை என்று வரிவரியாகப் படித்திராத ஒருவருக்கு இந்த வழி தோன்றியிருக்காது.

ஆகவே உங்கள் தலைப்பைச் சுருக்கிக்கொள்ளுங்கள். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் காலமுறைத் தொழிலாளர் ஆய்வின் தனிநபர் அளவிலான தரவை இலவசமாகத் தருகிறது. திருமணமான பெண்கள் வேலைக்குச் செல்வதும் வீட்டில் சிறு குழந்தை இருப்பதும் எப்படித் தொடர்புடையவை என்பது போன்ற ஒரே ஒரு கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு வினாப்பட்டியலையும் களப்பணியாளர்களுக்கான வழிகாட்டுக் கையேட்டையும் முழுமையாகப் படியுங்கள். அடுத்து, அதிகாரபூர்வ அறிக்கையில் உள்ள ஏதேனும் ஓர் எண்ணை, ஒவ்வொரு மாதிரிக்கும் தரப்பட்டுள்ள பெருக்கியை (அந்த மாதிரி மக்கள்தொகையில் எத்தனை பேரைக் குறிக்கிறது என்ற எண்) பயன்படுத்தி, நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அது பொருந்தும் வரை ரிக்ரஷன் பக்கமே போக வேண்டாம். 2011-12-இல் 2.2 விழுக்காடாக இருந்த வேலையின்மை 2017-18-இல் 6.1 ஆனதைப் பற்றி எழுந்த விவாதத்தில், குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியதும் ஒரு முக்கியப் புள்ளியாக இருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 2025 ஜனவரி முதல் இந்த ஆய்வின் மாதிரி வடிவமைப்பு மீண்டும் மாறியிருப்பதால், அதற்கு முந்தைய ஆண்டுகளோடு அதை யோசிக்காமல் சேர்த்துவிட வேண்டாம்.

கேள்வி: என் ரிக்ரஷனில் முக்கிய மாறிக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி (முடிவு வெறும் தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு என்பதற்கான அடையாளம்) வரவில்லை. வரும் வரை மாறிகளைச் சேர்த்தும் நீக்கியும் பார்க்கும்படி அறிவுரை கூறுகிறார்கள். செய்யலாமா?
– மாணவர், மதுரை

பதில்: கூடாது. உண்மையில் எந்த விளைவும் இல்லாத இடத்தில்கூட, 5 விழுக்காட்டு அளவில் இருபது சோதனைகள் செய்தால் சராசரியாக ஒன்றில் நட்சத்திரம் வரும். அந்த ஒன்றை மட்டும் அச்சிட்டு மற்றப் பத்தொன்பதையும் மறைப்பது படிப்பவரை ஏமாற்றுவதாகும்.

நட்சத்திரம் இல்லை என்பதால் விளைவு சுழியம் என்றும் ஆகிவிடாது. விளைவின் உண்மையான அளவு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியைப் பாருங்கள். அது குறுகலாக இருந்தால் பெரிய விளைவு இல்லை என்று துணிந்து எழுதலாம், அகலமாக இருந்தால் இந்தத் தரவால் சொல்ல இயலாது என்று எழுத வேண்டும். எதிர்பார்த்த விளைவு தெரியவில்லை என்ற முடிவும் மதிப்புள்ளதே. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, பொருளாதார அறிஞர்கள் கார்டும் க்ரூகரும் அங்கும் அண்டையிலுள்ள கிழக்குப் பென்சில்வேனியாவிலும் 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். வேலைவாய்ப்பு குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை என்பதே 1994-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. அதைச் சுற்றித்தான் இத்தனை ஆண்டு விவாதம் நடந்திருக்கிறது. நீங்கள் முயன்ற எல்லா வடிவங்களையும் பின்னிணைப்பில் அட்டவணையாகத் தந்துவிடுங்கள். நெறியாளரிடமும் வாய்மொழித் தேர்விலும் அந்த அட்டவணையே உங்களுக்காகப் பேசும்.