சொந்த காரை எடுத்துட்டு கார் கிளப் டிராக் டேக்கு (ரேஸ் டிராக்ல சொந்த வண்டிய ஓட்டிப் பழகற நாள்) போகலாமா? ரேஸ் பழக்கமே இல்ல, அசிங்கப்பட்டுடுவேனோன்னு பயமா இருக்கு

போகலாம். அசிங்கப்படுவீங்க. ரெண்டையும் சேர்த்தே சொல்லிட்றேன், ஏன்னா நான் பட்டிருக்கேன். நீங்களாவது ஆபீஸ் போயிட்டு வர்ற ஆளா இருப்பீங்க, நான் வேலூர்ல 17 வருஷமா டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கறவன். அதனால நீங்க படப்போற அசிங்கம் என்னோடத விட கம்மியாத்தான் இருக்கும், தைரியமா போங்க.

நம்ம பொழப்பு என்னன்னா இடது பக்கம் உக்கார்றது. காலுக்கு கீழ எனக்குன்னு ஒரு கிளட்ச் ஒரு பிரேக். கிரீன் சர்க்கிள்ல பஸ்ஸு, ஆட்டோ, மாடு எல்லாம் ஒண்ணா வர்றப்போ ஓட்றவங்க ஸ்டீயரிங்க விட்டுட்டு கண்ண மூடுவாங்க, அப்ப நான் மிதிப்பேன். காட்பாடி பாலத்து ஏத்தத்துல வண்டி பின்னாடி உருளும், நான் மிதிப்பேன். இப்படியே ஆயிரக்கணக்கான பேருக்கு சொல்லிக்குடுத்துட்டதால எனக்கு கார்ல தெரியாதது ஒண்ணும் இல்லன்னு ஒரு நெனப்பு. வீட்ல ஒயிஃபு தம்பி, ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனில வேலை, ஏதோ கார் கிளப்ல மெம்பர். போன வருஷம் ஒரு நாள் சாப்பிட்டுட்டு இருக்கும்போது "மாமா, சனி ஞாயிறு எங்க கிளப் டிராக்ல ஓட்றோம், புதுசா வர்றவங்களுக்கு கத்துக்குடுக்கறாங்க, பணம் நான் கட்டிட்டேன் வர்றீங்களா"ன்னான். நான் கேட்ட கேள்வி இன்னா தெரியுமா? "நான் வந்து கத்துக்குடுக்கணுமா மச்சான்?" இத இப்பவும் கல்யாணம் காதுகுத்துன்னு எங்க பார்த்தாலும் சொல்லிச் சொல்லி சிரிக்கறான்.

டிராக்னா நம்ம இருங்காட்டுக்கோட்டைதான், பெங்களூர் ரோட்லயே ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வரும், வேலூர்ல இருந்து சுமார் 100 கிலோமீட்டர். ஒரு சுத்து 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. எங்க நைனா லாரி டிரைவர், ராணிப்பேட்டைல இருந்து ஹார்பருக்கு தோல் லோடு அடிச்சவரு, அவரு காலத்துல ரேஸுன்னா சோழவரம், யுத்த காலத்து பழைய ஏரோடிரோம் ஓடுதளத்துல நடக்கும்னு கதை கதையா சொல்லுவாரு. இருங்காட்டுக்கோட்டை 1990ல வந்தது. நைனா லாரி ஓட்டிட்டு அந்த வழியா எத்தனையோ தடவ போயிருக்காரு, உள்ள ஒரு தடவ கூட போனதில்ல. அந்த நெனப்பும் எனக்கு கொஞ்சம் இருந்துச்சு.

சனிக்கிழம காலைல முதல்ல வண்டிய செக் பண்ணாங்க. உள்ள ஒட்டாம கெடக்கறது எதுவும் இருக்கக்கூடாது, எல்லாத்தையும் எறக்குன்னாங்க. எறக்க எறக்க வந்துட்டே இருக்கு, எனக்கே ஆச்சரியம். சீட் மேல போட்ட துண்டு, ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணி பாட்டில் நாலு, பொண்ணு ஜாமெட்ரி பாக்ஸு, ஒத்தக்கால் செருப்பு, கால்மிதி மேட்டு, முன்னாடி தொங்கின எலுமிச்சம்பழம் மிளகா. கடைசியா அந்த பையன் டேஷ்போர்ட காமிச்சு "சார், பிள்ளையாரயும் எடுத்துடுங்க"ன்னான். டபுள் டேப் போட்டு ஒட்டின பிள்ளையாரு, வண்டி வாங்கின நாள்ல இருந்து அங்கதான் இருக்காரு. எனக்கு மூஞ்சி மாறிடுச்சு போல. அவனே பொறுமையா "பிரேக் அழுத்தி புடிச்சா முன்னாடி கண்ணாடிக்கு பறந்து வருவாரு சார்"ன்னான். கழட்டி பேன்ட் பாக்கெட்ல வச்சுக்கிட்டேன். ரெண்டு நாளும் பாக்கெட்லதான் இருந்தாரு.

அடுத்து பானெட்ட தெறந்து பிரேக் ஆயில் எப்ப மாத்தினீங்கன்னு கேட்டாங்க. "குறையவே இல்ல, லெவல் கரெக்டா இருக்கே"ன்னேன். டப்பாவுக்குள்ள பார்த்தா ஆயில் டீ கலர்ல இருக்கு. கமென்ட்ல வந்து டிரைவிங் ஸ்கூல்காரனுக்கே இது தெரியாதான்னு கேட்கப்போறவங்க தாராளமா கேளுங்க. குறைஞ்சா ஊத்தணும்னு தெரியும், குறையாட்டியும் மாத்தணும்னு யோசிச்சதே இல்ல. அங்க ஒரு பெரியவர்தான் விளக்கினாரு. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், டாட் 4ங்கற வகை ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்னு கணக்கு, ஈரம் ஏறிட்டா 155க்கே கொதிச்சுடலாம். ஓட்ற வேகம் பூரா பிரேக்ல சூடாத்தான் மாறுது, டிராக்ல விடாம புடிச்சு புடிச்சு அந்த சூடு ஆயிலுக்கு போயி குமிழி வந்துட்டா அப்புறம் காலுக்கு கீழ ஒண்ணுமே இருக்காது, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். கம்முனு அன்னிக்கே அங்க ஒரு மெக்கானிக்க புடிச்சு மாத்திட்டேன். என் பக்கத்துல நின்ன ஒரு பெரிய வண்டிக்காரரு "இதெல்லாம் பயமுறுத்தறது"ன்னு சொல்லிட்டு கெளம்பினாரு, மறுநாள் மதியம் வளைவு வளையாம நேரா சரளைமண்ணுக்குள்ள போயி நின்னாரு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல.

மத்தபடி சனிக்கிழம கிளாஸ் ரூம், கொடி விளக்கம் (மஞ்சள் வந்தா அடங்கு, யாரையும் முந்தாத, சிவப்புன்னா ஓட்டம் நிறுத்தம், மெதுவா உள்ள வா), நேர் ரோட்ல மட்டும் முந்தலாம், அதுவும் முன்னாடி போறவன் கைய காட்டினாத்தான். அப்புறம் கோன் வச்சு வளைஞ்சு வளைஞ்சு ஓட்டறது. அதுல நான் ராஜா, நாளெல்லாம் ரிவர்ஸ்ல கோன் பார்க்கறவன். மதியம் பிரியாணி. புரட்டாசி சனிக்கிழம. இதுக்கு மேல நான் எதுவும் சொல்ல விரும்பல, தயிர்சாதம் சாப்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமதான் விஷயமே. எனக்கு பக்கத்துல உக்கார வந்தது ஒரு பொண்ணு, இருபத்தி நாலு இருபத்தஞ்சு வயசு இருக்கும். "வணக்கம் சார், எத்தனை வருஷமா ஓட்றீங்க?" நான் ஸ்கூல் விஷயத்த சொல்லல. மச்சான் சொல்லிட்டான்.

முதல் ரெண்டு சுத்து மெதுவா. மூணாவதுல இருந்து அந்தப் பொண்ணு ஆரம்பிச்சிருச்சு. "சார் நீங்க பானெட்ட பார்க்கறீங்க. அங்க பாருங்க, அதோ அந்த கோனு." நான் அங்க பார்ப்பேன், வளைவு வந்தா கண்ணு தானா கிட்ட வந்துடும். "சார், வளைஞ்சுட்டே பிரேக் புடிக்கறீங்க." ஆமா, புடிக்கறேன், அப்படித்தான் 17 வருஷமா எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தேன், மெதுவா மெதுவா மிதி, பூ மாதிரி மிதின்னு. ஊருக்குள்ள அது சரி, அத தப்புன்னு சொல்ல வரல. ஆனா டயருக்கு இருக்கற பிடி ஒரு அளவுதான், அதுல பாதிய பிரேக்குக்கு குடுத்துட்டா வளையறதுக்கு மிச்சம் கம்மியாயிடும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. ரோடு நேரா இருக்கும்போதே அழுத்தி முடிச்சுக்கணும், அப்புறம் விட்டுட்டு திருப்பணும். வேகம் ரெட்டிப்பானா நிக்கறதுக்கு நாலு மடங்கு தூரம் வேணும், இது நானே போர்டு மேல எழுதி வச்சிருக்கற விஷயம், அது இன்னான்னு எனக்கு அன்னிக்குதான் புரிஞ்சது.

நேர் ரோடு முடிவுல "அழுத்துங்க"ன்னுச்சு. அழுத்தினேன். "இன்னும்." அழுத்தினேன். "சார் இன்னும், ஒதைங்க!" ஒதைச்சேன், பெடல் கடகடகடன்னு காலத் தள்ளுது, ஏதோ உடைஞ்சிடுச்சுன்னு பயந்து கால எடுத்துட்டேன். அந்தப் பொண்ணு பதட்டமே இல்லாம "உடையல சார், அதுதான் ஏபிஎஸ்"னுச்சு. ஏபிஎஸ்னா எவ்ளோ அழுத்தி புடிச்சாலும் சக்கரம் லாக் ஆகாம பார்த்துக்கற சிஸ்டம், அத பத்தி நான் கிளாஸ் எடுக்கறவன் சார். பத்து வருஷமா அந்த வண்டில இருக்கு, ஒரு தடவ கூட அது வேலை செய்யற அளவுக்கு நான் மிதிச்சதில்ல. இப்பத்தான் யோசிக்கறேன், எங்கிட்ட கத்துக்கிட்டுப் போன அத்தனை பேரும் ஒரு நாள் குறுக்க குழந்த ஓடி வந்தா இதே மாதிரி கால எடுத்துடுவாங்க இல்ல?

ரெண்டாவது ரவுண்டுல கொஞ்சம் தெம்பு வந்துடுச்சு. தெம்பு வந்தாத்தான் ஆபத்து. ஒரு வளைவுக்கு கொஞ்சம் அதிகமாவே போயிட்டேன், பாதி வளைவுல பயந்து ஆக்சிலேட்டர்ல இருந்து காலை சட்டுனு எடுத்தேன், அவ்ளோதான், வெயிட் எல்லாம் முன்னாடி வந்துருச்சு, பின்னாடி லேசாகி வால் மாதிரி சுத்திச்சு. வானம், மரம், டயர் சுவரு, வானம். "கிளட்ச் பிரேக், ரெண்டும்!" அவ்ளோதான் அந்தப் பொண்ணு சொன்னது, சத்தம் கூட போடல. நான் பிரேக்க மட்டும் மிதிச்சேன். வண்டி வந்த வழியப் பார்த்து நின்னுச்சு, இன்ஜின் ஆஃப். மார்ஷல் மஞ்சக்கொடி ஆட்டறாரு. வண்டிய ஆஃப் பண்ற பசங்கள நான் எப்படி திட்டுவேன்னு சத்துவாச்சாரில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

அப்பத்தான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பொண்ணு கையி ரெண்டும் மடில இருக்கு. காலுக்கு கீழ வெறும் தரை. பெடல் இல்ல. என்னை மாதிரி ஒரு ஆள் ஓட்ற வண்டில, அந்த வேகத்துல, வாய மட்டும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல, "சாரிம்மா"ன்னேன். "முத தடவ சுத்தினதுக்கு வாழ்த்துக்கள் சார், மார்ஷல் கை காட்டற வரைக்கும் நகராதீங்க"ன்னுச்சு.

சாயந்திரம் என் வண்டிய அந்தப் பொண்ணு ரெண்டு சுத்து ஓட்டிக் காட்டுச்சு. நான் என் வழக்கமான சீட்ல, இடது பக்கம். ஒவ்வொரு வளைவுக்கும் என் வலது காலு தானா தரைய மிதிக்குது, அங்க ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சும் மிதிக்குது. வேகமா போற மாதிரியே இல்ல, ஆனா எனக்கு முன்னாடி போன வண்டியெல்லாம் கிட்ட கிட்ட வந்துட்டே இருக்கு. அதே ஓட்டை 1.2 லிட்டர் வண்டி. டைம் எடுக்கல, எடுக்கவும் விட மாட்டாங்க, இது ரேஸ் இல்லன்னு காலைல இருந்தே சொல்லிட்டு இருந்தாங்க.

இதப் படிச்சுட்டு "பணக்காரன் விளையாட்டு, பெட்ரோல் தண்டம்"னு எழுத வர்றவங்களுக்கு: நான் பணக்காரன் இல்ல, மச்சான் காசு. பெட்ரோல் போச்சுதான், டயரும் ஓரத்துல தேய்ஞ்சுதான் இருக்கு. வருஷா வருஷம் மொய்க்கு போறது இதவிட ஜாஸ்தி.

உண்மையான தண்டம் எதுன்னு சொல்லட்டுமா, திரும்பி வர்ற வழி. வாலாஜா ஸ்ரீபெரும்புதூர் நடுவுல ஆறு வழி வேலைன்னு எத்தனை வருஷமா தோண்டிப் போட்டிருக்காங்க, ராத்திரில எங்க டைவர்ஷன்னு தெரியாது, டோல் மட்டும் தவறாம புடுங்கிக்குவாங்க. தாமல் கிட்ட டெயில் லைட் இல்லாத டிராக்டரு, ஓச்சேரி தாண்டி ராங் சைடுல பைக்கு, மூணு பேரு. டிராக்ல எல்லாரும் ஒரே பக்கம் போறாங்க, கொடி காட்ட ஆள் இருக்கு, ஆம்புலன்ஸ் நிக்குது, எல்லாரும் ஹெல்மெட். எனக்கு அங்க இருந்த தைரியம் காவேரிப்பாக்கத்துல இல்ல. இந்த லட்சணத்துல போன மாசம் ஒருத்தர் பையனக் கூட்டிட்டு வந்து "பத்து நாள்ல லைசென்ஸ் கைல வரணும், ஓட்றதெல்லாம் அவனே பழகிக்குவான்"னாரு. இன்டிகேட்டர் போடலன்னு அந்தப் பையன ஒரு வார்த்த சத்தம் போட்டேன், அன்னிக்கு ராத்திரியே ஒரு ஸ்டாரு, "ஓனர் மரியாதை தெரியாதவர்". பத்து நாள்ல ஸ்டார் போட மட்டும் கத்துக்கிட்டான். சரி விடுங்க, கேள்விக்கு வரேன்.

நீங்க போறதுக்கு முன்னாடி பிரேக் ஆயில் மாத்துங்க, பேடு எவ்ளோ இருக்குன்னு கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க. டயர் காத்த ஒவ்வொரு ரவுண்டுக்கு அப்புறமும் பாருங்க, எனக்கு காலைல 33 வச்சது சூட்டுல 41 வந்துருச்சு. கடைசி ஒரு சுத்து பிரேக் தொடாம மெதுவா ஓட்டி ஆறவச்சுட்டு வாங்க, வந்து நிறுத்தினதும் பழக்கதோஷத்துல ஹேண்ட்பிரேக் இழுத்துடாதீங்க, கொதிக்கற பிரேக்ல ஒட்டிக்கும், கியர்ல போட்டு கட்டை வைங்க. காட்டன் சட்ட, அடி மெலிசா இருக்கற ஷூ. இன்சூரன்ஸ் பாலிசிய படிங்க, ரேஸு, வேக சோதனைன்னா கவர் இல்லன்னு சின்ன எழுத்துல இருக்கும், டிராக்ல இடிச்சா உங்க காசுதான்னு நெனச்சுக்கிட்டே ஓட்டுங்க. முக்கியமா பக்கத்துல உக்கார்றவங்ககிட்ட எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க. உங்களுக்கு அது ஈஸி.

நான் வந்ததுல இருந்து ஸ்கூல்ல ஒண்ணு சேர்த்திருக்கேன். கடைசி நாள் காலி கிரவுண்டுல நாப்பது வேகத்துல போகவிட்டு பிரேக்க ஒதைக்கச் சொல்றது. முதல்ல செஞ்சது குடியாத்தத்துல இருந்து வர்ற ஒரு டீச்சரம்மா, ரிட்டயர் ஆகப் போறவங்க. கார எடுக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு பார்த்துட்டு "சார், உங்க கால எங்க வச்சிருக்கீங்க?"ன்னாங்க. சீட்டுக்கு அடில மடக்கி வச்சிருந்தேன். "நான் மிதிக்க மாட்டேன் டீச்சர், நீங்கதான்"னேன். ஒதைச்சாங்க பாருங்க, கடகடன்னு ஏபிஎஸ் அடிச்சு அப்படியே நின்னுச்சு, பிள்ளையார் மட்டும் பறந்து வந்து என் மடில விழுந்தாரு. அந்த வண்டிலயும் ஒருத்தர் இருக்கறத மறந்துட்டேன்.

ரெண்டாவது தடவ அவங்க மிதிக்கறதுக்கு முன்னாடி நான் மிதிச்சுட்டேன்.