சாகோஸ் தீவுகளுக்குச் செல்ல முடியுமா?

கேள்வி: மாலத்தீவுக்குத் தெற்கேயுள்ள சாகோஸ் தீவுகளைப் பார்க்க விரும்புகிறோம். விமானமும் விடுதியும் உண்டா? எப்படித் திட்டமிடுவது?

பதில்: சுற்றுலாப் பயணிகளுக்கு இரண்டுமே இல்லை. இராணுவத் தளம் அமைந்த டியேகோ கார்சியாவிற்குள் பயணிகள் நுழைய முடியாது. மற்ற தீவுகள் நெடுங்காலம் ஆளற்றே கிடந்துள்ளன. கடலைக் கடந்து செல்லும் சொந்தப் படகுகளுக்கு மட்டும், முன்கூட்டியே பெற்ற அனுமதியின் பேரில், பெரோஸ் பன்யோஸ், சலமோன் ஆகிய பவளத்தீவுகளில் நங்கூரமிட பிரிட்டிஷ் நிர்வாகத்தினர் இடமளித்து வந்துள்ளனர். மருத்துவ வெளியேற்றத்திற்கும் மூழ்கிய படகை அகற்றுவதற்கும் காப்பீடு இருந்தாக வேண்டும். இத்தீவுகளின் இறையாண்மையை மொரிஷியஸுக்கு மாற்றும் ஒப்பந்தத்தில் 2025 மே மாதம் பிரிட்டன் கையெழுத்திட்டிருப்பதால், புறப்படுமுன் அப்போதைய விதிகளைக் கேட்டறிவது கட்டாயம்.

அங்கே கடையோ மருத்துவரோ இல்லை என்பதால், குடிநீர், உணவு, எரிபொருள், மருந்து அனைத்தையும் திரும்பும் நாள் வரைக்கும் அதற்கு மேல் தாமதத்திற்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நீர் சுத்திகரிப்புக் கருவி பழுதானாலும் தாக்குப்பிடிக்குமளவு நீர் தொட்டியில் இருக்கட்டும். பவளப்பாறைகள் தெளிவாகத் தெரியும்படி வெயில் உச்சியில் இருக்கும்போதே பவளத்தீவு சூழ்ந்த கடற்காயலுக்குள் நுழையுங்கள். நங்கூரத்தை மணற்பரப்பில் மட்டுமே இறக்குங்கள், ஏனெனில் அதன் சங்கிலி நசுக்கும் பவளம் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தீவுகள் இயல்பாகவே வெறுமையானவை அல்ல. இங்கு வாழ்ந்த சாகோஸ் மக்கள் 1968 முதல் 1973 வரையிலான ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டனர். சலமோனிலுள்ள பொடாம் தீவில் அவர்கள் விட்டுச்சென்ற ஊரின் இடிபாடுகளிலிருந்து எதையும் எடுக்காதீர்கள், கல்லறைகளை மிதிக்காதீர்கள்.