செண்டுடுக் பூவில் ஏன் இரண்டு நிற மகரந்தக் கம்பிகள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்ட ஓரங்களில், ஊதாப் பூவும் சொரசொரப்பான இலையுமாக வளரும் புதர்தான் செண்டுடுக். பூவின் நடுவில் மஞ்சள் கம்பிகள் ஐந்து, நீண்டு வளைந்த ஊதாக் கம்பிகள் ஐந்து. இரண்டிலும் மகரந்தம் உண்டு, வேலைதான் வேறு.

இந்தப் பூவில் தேன் கிடையாது. வண்டுக்குக் கூலி மகரந்தம்தான். அதையும் சும்மா எடுக்க முடியாது. ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் சின்னத் துளை மட்டுமே உண்டு. பவுடர் டப்பாவைக் குலுக்கினால்தானே பவுடர் கொட்டும்? அப்படித்தான் இதுவும். பெரிய கருவண்டு மஞ்சள் கம்பிகளைக் கட்டிப்பிடித்து, சிறகை அடிக்காமலே 'ர்ர்ர்' என்று உடம்பை அதிரவைக்கும். மஞ்சள் கம்பி தருவது பெரும்பாலும் அதன் சாப்பாடு. அதே அதிர்வில் ஊதாக் கம்பி, வண்டால் எளிதில் துடைத்தெடுக்க முடியாத இடத்தில் மகரந்தத்தைத் தூவிவிடும். அதுதான் அடுத்த பூவுக்குப் போய் காயாகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! காலையில் பூத்தவுடன் பக்கத்தில் நின்றால் அந்தச் சத்தம் நன்றாகவே கேட்கும்.

அப்புறம், பழம் நாக்கைக் கருநீலமாக்குவதால் அதை விஷம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வெறும் சாயம், பழுத்த பழம் சாப்பிடக்கூடியதுதான்.