வேலி தாண்டும் மூங்கில்

கேள்வி: அமெரிக்காவில் கனெக்டிகட்டில் இருக்கும் என் மகள், வீட்டுப் பின்பக்கம் மறைப்புக்காக மூங்கில் வரிசை வைக்க நினைக்கிறாள். நர்சரியில் ‘யெல்லோ க்ரூவ்’ ரகத்தைச் சொன்னார்களாம். பனி கொட்டும் ஊரில் மூங்கில் பிழைக்குமா? – வாசகி, கோவை

பதில்: தாராளமாகப் பிழைக்கும் அம்மா, அளவுக்கு மீறிப் பிழைப்பதுதான் சிக்கல். சீனாவிலிருந்து போன இந்த ‘யெல்லோ க்ரூவ்’ (தாவரவியல் பெயர் ஃபில்லோஸ்டாக்கிஸ் ஆரியோசல்கேட்டா), மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் குளிரையும் தாங்கும். இலை கருகி கழியே காய்ந்துபோனாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டு சாகாமல், குளிர் விட்டதும் மறுபடி முளைக்கும். பார்த்தாலே அடையாளம் தெரியும். பச்சைக் கழியில் கிளை விடும் பக்கம் ஒரு பள்ளம் ஓடும், அந்தப் பள்ளம் மட்டும் மஞ்சள், சில கழிகள் அடியில் கணுவுக்குக் கணு நெளிந்து நிற்கும்.

நம் ஊர் முள் மூங்கிலும் கல் மூங்கிலும் ஒரே தூராக நிற்பவை. இது மண்ணுக்கடியில் அருகம்புல் மாதிரி ஓடி, பக்கத்து வீட்டுப் புல்தரையில் தலை நீட்டும். அதனால்தான் கனெக்டிகட்டில் 2013-லேயே சட்டம் வந்தது. தொட்டியிலோ முறையான தடுப்புக்குள்ளோ தவிர, அடுத்தவர் நிலத்திலிருந்து 40 அடிக்குள் நடக் கூடாது, பரவினால் அகற்றும் செலவு நட்டவர் தலையில். மறைப்பு என்றாலே வேலியோரம்தானே, அங்கே இது வேண்டவே வேண்டாம். ஃபார்ஜீசியா என்ற மூங்கில் வகையைக் கேட்கச் சொல்லுங்கள், அதுவும் குளிர் தாங்கும், ஓடாது.

கேள்வி: நியூ ஜெர்சியில் வாங்கிய வீட்டோடு இதே மூங்கில் தோப்பும் வந்திருக்கிறது. ஏதாவது உபயோகம் உண்டா, அழித்துவிடவா? – வாசகர், நியூ ஜெர்சி

பதில்: இடம் விசாலமாக இருந்தால் அழிக்க அவசரப்படாதீர்கள், அருமையான மூங்கில் அது. ஏப்ரல், மே வாக்கில் வரும் குருத்தில் கசப்பு குறைவு. ஒரு சாண் உயரத்திலேயே ஒடித்து, மட்டையை உரித்து, நறுக்கி நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் குழம்போ பொரியலோ செய்யுங்கள். பச்சையாகத் தின்னக் கூடாது, மூங்கில் குருத்தில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

கழி மண்ணை விட்டு வரும்போது என்ன பருமனோ கடைசி வரை அதேதான், இரண்டே மாதத்தில் முழு உயரம் எட்டிவிடும். ஆனால் முற்ற மூன்று வருஷமாவது ஆகும், அதற்கு முன் வெட்டினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். முற்றியதை வெட்டிப் புடலைப் பந்தலுக்கும் தக்காளிச் செடிக்கு ஊன்றவும் வைத்துக்கொள்ளலாம். பாண்டா வளர்க்கும் அமெரிக்க உயிரியல் பூங்காக்களில் இதைத் தீவனமாகவும் போட்டிருக்கிறார்கள்.

தோப்பைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்குக் கால்வாய் வெட்டி, வருஷா வருஷம் கோடை முடிவில் அதைத் தாண்ட வரும் தண்டுகளை மண்வெட்டியால் துண்டித்துவிடுங்கள். தடுப்பு போடுவதென்றால் கெட்டியான பிளாஸ்டிக் தகடு, இரண்டரை அடி ஆழம், மேல் விளிம்பு மண்ணுக்கு மேலே 2 அங்குலம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மேலாக ஏறிப் போய்விடும்.

இடம் குறுகல் என்றால் அழிப்பதே நல்லது. எல்லாக் கழிகளையும் தரையோடு வெட்டிவிட்டு, புதிதாக வரும் ஒவ்வொரு முளையையும் விடாமல் வெட்டிக்கொண்டே இருங்கள், இரண்டு மூன்று வருஷத்தில் உள்ளே இருக்கும் சத்து தீர்ந்து ஓய்ந்துவிடும். பக்கத்து வீட்டுக்குள் ஏற்கெனவே போயிருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் மறுபக்கத்திலிருந்து திரும்ப வரும்.