37 டிகிரி தண்ணீரில் பிஎல்ஏ எலும்புச் சாரம் விரியவில்லை: பதில்

முப்பரிமாண அச்சில் எடுத்த எலும்புச் சாரத்தை (எலும்பு வளரத் தாங்கலாக வைக்கும் துளையுள்ள சட்டகம்) நசுக்கி, உடல் சூடான 37 டிகிரி நீரில் போட்டால் பழைய வடிவத்துக்கு விரியவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். விரியாது. உங்கள் அச்சில் தவறில்லை. நீங்கள் போட்டது சாதாரண பிஎல்ஏ, அதாவது பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக். அது இளகத் தொடங்குவதே ஏறத்தாழ 60 டிகிரியில்தான்.

65 டிகிரியிலும் பாதிதான் விரிந்தது என்கிறீர்களே, அது வேறு சங்கதி. குளிர்ந்த நிலையிலேயே இடுக்கியில் வைத்து நசுக்கியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. மடிப்புகளில் இழை வெளுத்திருக்கிறதா, பாருங்கள். வெளுத்திருந்தால் உள்ளே கீறல் விழுந்துவிட்டது. அந்தத் துண்டு போனதுதான்.

புதுத் துண்டை 65 டிகிரி நீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, சூட்டோடு அழுத்தி, பிடியைத் தளர்த்தாமல் குளிர்ந்த நீரில் இறக்குங்கள். அப்புறம் மறுபடி சூடாக்கி, உயரத்தைக் காலிப்பரில் அளந்து அழுத்துவதற்கு முந்தைய அளவோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. டர்பனின் புழுக்கமான ஜனவரியில் பிஎல்ஏ இழைச் சுருளைத் திறந்தே வைத்திருந்தீர்களா? நான் இங்கே, அதே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், அப்படித்தான் ஒரு சுருளைக் கெடுத்தேன். இழை உருகி வரும் அச்சு முனையில் கடுகு தாளிப்பதுபோல் படபடவென்று சத்தம் கேட்டால் ஈரம் ஏறிவிட்டது. 45 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்துங்கள். இல்லாவிட்டால் துளைகளெல்லாம் நூலாம்படைதான்.

ஆனால் இந்த 65 டிகிரி முறை மேசைச் சோதனைக்கு மட்டும். 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே உயிருள்ள எலும்பு சேதமடையும். உடலுக்கென்றால் 37 டிகிரியை ஒட்டி இளகும் வேறு பாலிமர் கலவைதான் வேண்டும்.